இரண்டாவது பஸ்

சூடானில் சண்டை தொடங்கிய சேதி வந்தபோது லிடியா ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் அடியில் குனிந்து, கிழக்குத் தெருவுக்கான வால்வைத் திருகிக்கொண்டிருந்தாள். சித்திரை பிறந்து இரண்டாம் நாள். மாலை நான்கு மணிக்கும் இரும்புச் சக்கரம் கையைச் சுட்டது. முந்தானையை மடித்து அதன்மேல் வைத்துத்தான் பிடிக்க முடிந்தது. மேற்கே கல்வராயன் மலை வெயிலில் வெளுத்துப்போய், இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நின்றது. சின்னசேலத்தில் வைக்கோல் இறக்கிவிட்டுத் திரும்பிய கொழுந்தன் ரெக்ஸ், லோடு ஆட்டோவை அணைக்காமலே ரோட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தான்.

“அண்ணி, அண்ணங்கிட்ட எப்ப பேசனீங்க?”

“நேத்து. வருசப் பொறப்புன்னு பேசனாரு. இன்னா?”

ரெக்ஸ் போனை நீட்டினான். ஏதோ ஓர் ஊரின் மேல் கறுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. அந்த நாட்டின் தலைநகரமாம். அங்கிருந்து அண்ணன் இருக்கும் ஆலை எவ்வளவு தூரம் என்று லிடியா கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை. பாதி திறந்த வால்வோடு விட்டால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. அவள் மீதிச் சுற்றையும் திருகி முடித்துவிட்டு, அங்கேயே ஈரச் சிமெண்டில் உட்கார்ந்தாள்.

அவள் கணவன் பிரிட்டோ அந்த நாட்டில், நைல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சர்க்கரை ஆலையில் பவர் ஹவுஸ் ஆபரேட்டர். உள்ளூர்ப் பக்கத்து ஆலையில் பத்து வருடம் ஒப்பந்தத்தில் அதே வேலையைச் செய்தவன். கரும்பு அரைக்கும் மாதங்களில்தான் அங்கே வேலை. மற்ற மாதங்களில் வெட்டுக் கூலிக்குப் போகவேண்டும், இல்லையென்றால் வீட்டில் கிடக்கவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் சின்னசேலம் ஏஜெண்ட் ஒருவர் மூலம் கிளம்பிப் போனான். “சூடான் எப்பிடி, ஜாஸ்தி சூடா இருக்குதாமா?” என்று அந்தோணியார்பாளையத்தில் கேட்காத ஆள் இல்லை. முதல் பத்துப் பேருக்கு லிடியா சிரித்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

வீட்டில் மாமனார் ஆரோக்கியதாஸ் இருந்தார். முப்பது வருடம் கரும்பு வெட்டி முழங்கால் தேய்ந்துபோன மனிதர். மாமியார் இஞ்ஞாசியம்மாள் இன்னும் களையெடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் நான்சி. லிடியா பஞ்சாயத்தில் தொட்டி ஆபரேட்டர். காலையும் மாலையும் மூன்று தெருவுக்குத் தண்ணீர் திறப்பதும், பிளீச்சிங் பவுடர் கலப்பதும், மோட்டார் மக்கர் செய்தால் பக்கத்தில் நிற்பதும் அவள் வேலை.

நான்கு நாள் பிரிட்டோவிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. டிவியில் காட்டிய உதவி எண்களுக்கெல்லாம் ரெக்ஸ் போட்டுப் பார்த்தான். ஒரு நாள் எடுத்த ஆள் சூடானா, தெற்குச் சூடானா என்று கேட்டார். அடுத்த நாள் எடுத்தவர் எந்த நகரம், எந்தத் தெரு என்று கேட்டார். ஆங்கிலத்தில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். லிடியா பீரோவைக் கவிழ்த்து விசா நகலைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஆள் எங்கே இருக்கிறார் என்பதை நாங்கள் சொல்ல வேண்டுமாம், அப்புறம்தான் அவர்கள் தேடுவார்களாம் என்று குழாயடிக்கு வந்த பெண்களிடமெல்லாம் பொருமினாள்.

ஐந்தாம் நாள் பேசினான். சண்டை தூரத்தில்தான், தலைக்கு மேலே விமானம் மட்டும் போகிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்றான். அதற்கே இஞ்ஞாசியம்மாள் கோயிலுக்கு ஓடி மெழுகுவத்தி ஏற்றினாள். அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமை மறுபடி கூப்பிட்டான். லிடியா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்புக் கையோடு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“நாளன்னிக்கு காலையில எங்க ரோட்டுக்கு பஸ் வருதாம். எம்பசில சொல்லிட்டாங்க. துறைமுகம் போயி, அங்கருந்து கப்பல்.”

“பாஸ்போர்ட் கையில இருக்குதா?”

“இருக்குது. மேனேஜரு அத குடுத்துட்டு அவரு போய்ட்டாரு.”

“அப்புறம் இன்னா? துணிமணிய எடுத்து வைங்க.”

“கூட இருக்கற நம்ம நாட்டுக்காரங்க மூணு பேரும் எடுத்து வச்சிட்டாங்க. நான் யோசிச்சிக்கினு இருக்கேன், லிடியா.”

அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. மறுபடி சொல்லச் சொன்னாள். அவன் நிதானமாகச் சொன்னான். ஆலை நின்றுவிட்டது. ஆனால் ஆலையின் இரண்டு டீசல் ஜெனரேட்டர்தான் ஆற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் பம்பை ஓட்டுகிறது. தொழிலாளர் குடியிருப்பு, அதை ஒட்டிய ஊர், சின்ன ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். இப்போது தலைநகரத்திலிருந்து பஸ்ஸிலும் டிராக்டரிலும் நடந்தும் சனம் வந்துகொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடம், குடோன், மசூதி எங்கும் ஆள். எஞ்சினியர்கள் தங்கள் குடும்பங்களைத் தேடிப் போய்விட்டார்கள். இவனும் பஸ் ஏறிவிட்டால் பவர் ஹவுஸில் மிஞ்சுவது இத்ரீஸ் என்ற உதவியாள் ஒருவன்தான். எண்ணெய் கேன் தூக்கிக்கொண்டிருந்தவன்.

“அவங்க ஊரு தண்ணிய அவங்க பாத்துக்க மாட்டாங்களா?”

“பாத்துக்குவாங்க. பாத்துக்கத் தெரிஞ்சவங்க யாரும் இப்ப இங்க இல்ல.”

“இங்க ஒரு பொண்டாட்டி, ஒரு பொண்ணு இருக்குது. அத யோசிச்சீங்களா?”

“அத்தான் யோசிச்சிக்கினு இருக்கேன்னு சொல்றேன்.”

அதோடு தொடர்பு அறுந்தது. லிடியா கையில் இருந்த சட்டையைக் கல்லில் ஓங்கி அடித்தாள். நாலாவது அடியில் காலர் கிழிந்து வந்துவிட்டது. அது மாமனாரின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. பார்த்துக்கொண்டிருந்தவர் டீசல் எத்தனை நாளைக்கு இருக்கிறதாம் என்று கேட்டார்.

“புள்ளைய கேக்காம டீசல கேக்குறீங்களே மாமா.”

“டீசல் தீந்தா தானா கெளம்பி வந்துடுவாம்மா. அதுக்காவ கேட்டேன்.”

இஞ்ஞாசியம்மாள் அன்று முழுவதும் அடுப்பு மூட்டவில்லை. லிடியா கேழ்வரகுக் கூழ் கரைத்து, மோர்மிளகாய் பொரித்து எல்லோருக்கும் ஊற்றினாள். ஊற்றும்போதே அவளுக்குள் கொதித்தது. இரண்டு வருடம் தனியாக இந்த வீட்டை இழுத்திருக்கிறாள். மகளுக்கு அம்மை போட்டபோது, கூரை ஓடு மாற்றியபோது, மாமனாருக்குக் கால் வீங்கியபோது ஒருமுறைகூட வரச்சொல்லிக் கேட்டதில்லை. இப்போது ஒரு நாட்டில் குண்டு போடுகிறார்கள், வருவதற்குப் பஸ்ஸும் விடுகிறார்கள், இவன் யோசிக்கிறானாம்.

மறுநாள் காலை கண்ணாயிரம் வந்தார். இருபது ஏக்கர் கரும்புக்காரர், முன்பு ஒருமுறை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். கள்ளக்குறிச்சியில் செய்தி சேனல் நடத்தும் சிவசங்கர் என்ற இளைஞனைக் கூட்டிவந்திருந்தார். சேனல் என்றால் ஒரு போனும் ஒரு மைக்கும்தான். உதவி செய்யவேண்டும் என்ற எண்ணத்தில்தான் கண்ணாயிரம் அழைத்துவந்தார். நான்சியை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணப் போட்டோவைக் கையில் பிடித்து, கணவரை மீட்டுத்தாருங்கள் என்று லிடியா அழவேண்டும். நாலு பேர் பார்த்தால் மேலே வரைக்கும் போகும்.

அவர் மாட்டிக்கொண்டிருக்கவில்லை, நாளைக்குப் பஸ் வருகிறது, ஏறலாமா வேண்டாமா என்று அவர்தான் யோசிக்கிறார் என்று லிடியா சொன்னாள். சிவசங்கர் மைக்கைத் தாழ்த்தினான்.

“அத சொல்லாதீங்கக்கா. பாக்குறவங்களுக்குப் புரியாது. மாட்டிக்கினு இருக்காருன்னே சொல்லுங்க.”

கண்ணாயிரம் வாய்க்குள் சிரித்தார். பிறகு இரக்கமான குரலில் சொன்னார்.

“வரமாட்டேன்றானா? ரெண்டு வருசமா ஒரு ஆம்பள தனியா இருக்கான். அங்க எதனா ஒரு குடும்பம் ஆயிருக்கும்மா. நீதான் கண்டுக்காம வுட்டுட்ட.”

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அந்த நிமிடம் வரைக்கும் லிடியாவின் கோபமெல்லாம் பிரிட்டோ மேல்தான் இருந்தது.

“ஐயா, போன வருசம் பங்குனில மோட்டார் எரிஞ்சி ரெண்டு நாளு ஊருக்குத் தண்ணி இல்ல. ஞாபகம் இருக்குதுங்களா? மூணாவது நாளு விடிஞ்சதும் மொதல்ல தண்ணி கேட்டு எங்க வாசலுக்கு வந்தது ஒங்க வூட்டுக் கொடம்தான். அந்த ரெண்டு ராத்திரியும் நான் மெக்கானிக்கோட போர்வெல்லுகிட்டயே குந்திக்கினு இருந்தேன். அதுக்கும் இப்பிடித்தான் பேசனீங்களா?”

“அய்ய, நான் இன்னா சொன்னேன், நீ இன்னா பேசற.”

“நீங்க சொன்னதத்தான் பேசறேன். தம்பி, அந்த போன அணை.”

அவர்கள் தெருமுனை தாண்டும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். பிரிட்டோவுக்காகப் பேசிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு ஊருக்குத் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்று இந்த வீட்டில் அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. முதல் நாள் கேலி, இரண்டாம் நாள் வசவு, மூன்றாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் முதலில் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

நண்பகலில் அவன் கூப்பிட்டபோது லிடியா நலம் விசாரிக்கவில்லை.

“அந்த இத்ரீசுக்கு இன்னா இன்னா தெரியும்?”

“ஜெனரேட்டர் ஸ்டார்ட் பண்ணுவான். ஆயிலு பாப்பான். ஜல்லடைய கழுவுவான்.”

“இன்னா தெரியாது?”

“டீசல் லைன்ல ஏர் புடிச்சிக்கினா எடுக்கத் தெரியாது. பம்பு தண்ணிய வுட்டுட்டா மறுபடி இழுக்க வைக்கத் தெரியாது. ஒரு ஜெனரேட்டர்லருந்து இன்னொண்ணுக்கு மாத்தணும்னா கரண்டு போர்டுகிட்ட வரவே பயப்படுவான்.”

“ரெண்டு வருசமா கூடவே இருக்கானே. ஏன் தெரியாது?”

அவன் பின்னால் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“நான் கத்துக்குடுக்கல. வந்த புதுசுலயே மத்தவங்க சொன்னாங்க. இவங்களுக்குக் கத்துக்குடுத்தா அப்புறம் வெளிநாட்டுக்காரன் எதுக்குன்னு கேப்பாங்க, போர்டுகிட்ட அண்ட வுடாதன்னு. நானும் வுட்டுட்டேன்.”

“அப்ப தப்பு ஒங்க மேலதான்.”

“ஆமா.”

லிடியாவுக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை. வாசலில் நான்சி கிளிமூக்கு மாங்காயில் உப்பு மிளகாய் தடவித் தின்றுகொண்டிருந்தாள். வெயில் அவள் நிழலைக் காலடியில் சுருட்டி வைத்திருந்தது. அடுத்த பஸ் உண்டா என்று லிடியா கேட்டாள். ஐந்து நாளில் ஒன்று வரலாம் என்கிறார்கள், நிச்சயம் இல்லை என்றான்.

“இங்க நம்ம மோட்டாருக்கு ஏர் எடுக்க, பம்பு புடிக்க நான் மூணு நாள்ல கத்துக்கினேன். அவன் என்னவிட மக்கா?”

“இல்ல. கெட்டிக்காரன்.”

“அப்ப நாளைக்கு பஸ்ல ஏறாதீங்க. அஞ்சி நாளு குடுக்கறேன். நீங்க எதையும் தொடக்கூடாது. கைய பின்னால கட்டிக்கினு நில்லுங்க, அவன் செய்யட்டும். தப்பா செஞ்சா மறுபடியும் செய்யட்டும். அடுத்த பஸ்ல நீங்க இருக்கணும். இல்லன்னா இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காதீங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இஞ்ஞாசியம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

“ஏறாதன்னு சொல்ல நீ யாருடி? நான் பெத்த புள்ள.”

லிடியாவும் தன்னை அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து மாமியார் அவள் சமைத்ததைத் தொடவில்லை. பின்பக்கம் மூன்று கல் வைத்துத் தனியாகச் சாமைச் சோறு வடித்துக்கொண்டாள். ஆரோக்கியதாஸ் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றார். ரெக்ஸ் அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்தினான். சேதி ஊருக்கும் பரவியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் உட்கார்ந்த வரிசையில் பெண்கள் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள். முதல் பஸ்ஸில் ஏறியவர்கள் நாடு வந்து சேர்ந்ததை டிவி காட்டியது. பிரிட்டோவோடு வேலை பார்த்த நாக்பூர்க்காரர் விமான நிலையத்தில் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார். இஞ்ஞாசியம்மாள் எழுந்து போய் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

பிரிட்டோவின் போன் அடிக்கவில்லை. இவர்கள் போட்டாலும் போகவில்லை. லிடியா காலையில் தொட்டிக்குப் போனாள், மாலையில் போனாள். ஒரு நாள் பிளீச்சிங் பவுடரை இரண்டு முறை போட்டுவிட்டாள். மூன்று தெருவும் திட்டியது. குடத்தைக் கவிழ்த்துக் காட்டித் திட்டிய கிழக்குத் தெருப் பாப்பாத்தி கடைசியில், புருசனைக் காவு கொடுத்தவளுக்குப் புத்தி எங்கே இருக்கும் என்றாள். மற்ற பெண்கள் அவளை அதட்டினார்கள். ஆனால் சொன்னது தவறு என்று ஒருத்தியும் சொல்லவில்லை. ஐந்து நாள் கடந்தது. ஆறும் ஏழும் கடந்தது. என்ன அதிகாரத்தில் சொன்னோம், தெரியாத ஓர் ஊருக்காக எந்தத் தைரியத்தில் சொன்னோம் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்றும் அடுத்த நிமிடமே தோன்றியது.

ஒன்பதாம் நாள் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. துறைமுகத்தில் யாரோ ஒருவரின் போனை வாங்கிப் பிரிட்டோ பேசினான். கப்பலுக்குள் விட்டுவிட்டார்கள் என்ற ஒரு வரியோடு முடித்துக்கொண்டான். லிடியா மாமியாரைத் தேடிப் பின்பக்கம் போய் அந்த ஒரு வரியைச் சொன்னாள். இஞ்ஞாசியம்மாள் அடுப்பின் முன்னால் அப்படியே மண்டியிட்டாள். மருமகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சென்னையிலிருந்து ரயிலில் வந்தவனைச் சின்னசேலம் ஸ்டேஷனிலிருந்து ரெக்ஸ் லோடு ஆட்டோவில் கூட்டிவந்தான். பிரிட்டோ பாதி ஆளாக இளைத்திருந்தான். காலில் யாரோ கொடுத்த ரப்பர் செருப்பு. வேப்ப மரத்தடியில் கண்ணாயிரம் பொன்னாடையோடு நின்றார். கட்சித் துண்டுகள் நாலைந்து, பக்கத்தில் சிவசங்கர். ஆட்டோ நின்றதும் பொன்னாடையைப் பிரிட்டோவின் தோளில் போட்டுக் கைதட்டினார்கள். பத்திரமாக மீட்கப்பட்டது எப்படி இருக்கிறது என்று சிவசங்கர் கேட்டான்.

பிரிட்டோ மைக்கைப் பார்த்தபடியே சொன்னான்.

“ரெண்டாவது பஸ் எங்க ரோட்டுக்கு வரல. நாப்பது மைலு தள்ளி வேற ரோட்டுல வந்துது. இத்ரீஸ்னு ஒருத்தன், என்கூட வேலை செஞ்சவன், டிராக்டர்ல வச்சி என்னக் கொண்டாந்து வுட்டான். வழியில துப்பாக்கிக்காரங்க மூணு எடத்துல நிறுத்தனாங்க. என் போனு, ஷூ எல்லாம் புடுங்கிக்கினாங்க. அவன அடிச்சாங்க. என்ன அடிக்கல, வெளிநாட்டுக்காரன்னு. துறைமுகத்துல கேட்டுக்கு வெளிய அந்த ஊரு சனம் வெயில்ல கெடக்குது. கைக்கொழந்த வச்சிக்கினு கெடக்குது. பாஸ்போர்ட் இருக்கறவன் மட்டும் உள்ள போவலாம். நான் அவங்கள தாண்டித்தான் போனேன்.”

“சரிண்ணே, இப்ப சொந்த ஊருக்கு வந்துட்டீங்க. அத பத்தி?”

“எனக்கு ரெண்டு பஸ் வந்துச்சி. போவலாமா இருக்கலாமான்னு நான் குந்திக்கினு யோசிச்சேன். அவங்கள அப்பிடி ஒரு வார்த்த யாரும் கேக்கல. அத போடு.”

அந்தப் பகுதி கொஞ்சம் நீளமாக இருக்கிறது, நன்றி மட்டும் தனியாக ஒருமுறை சொல்லுங்கள் என்று சிவசங்கர் கேட்டுக்கொண்டான். பிரிட்டோ பொன்னாடையை மடித்துக் கண்ணாயிரத்தின் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். சாயங்காலம் சேனலில் பொன்னாடை போட்டதும் கைதட்டலும் மட்டும் வந்தன.

வீட்டில் மெல்ல மெல்லச் சொன்னான். முதல் நாள் இத்ரீஸ் பம்பை நாலு தடவை காற்றில் ஓட்டிவிட்டான். இரண்டாம் நாள் சூடான குழாயில் உள்ளங்கையை வைத்துவிட்டான். இவன் உதவப் போனபோது, தொடக்கூடாது என்று உன் மனைவி சொல்லியிருக்கிறாள் அல்லவா என்று தடுத்தான். ஐந்தாம் நாள் போர்டில் தானாகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினான். மாற்றிவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான். சொல்லும்போது பிரிட்டோ சிரித்தான். நான்சியும் சிரித்தாள். இஞ்ஞாசியம்மாள் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இத்ரீசுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்களா என்று கேட்டாள். தாய் மட்டும் இருக்கிறாள், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றான்.

மூன்று வாரம் கழித்து, மலையிலிருந்து பலாப்பழ வண்டிகள் இறங்கும் நாட்களில், பிரிட்டோ எழுதிக்கொடுத்து வந்த ஊர் நம்பரில் இத்ரீஸ் கூப்பிட்டான். பிரிட்டோ மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தான். கஞ்சி கொண்டுபோன லிடியா வரப்பில் நின்று பார்த்தாள். அவனுக்குத் தெரிந்த அரபியில் கேட்பதும், மறுமுனை வேகமாகச் சொல்வதும், இவன் ‘ம்’ போடுவதுமாக நடந்தது. பிறகு ‘ம்’ போடுவதும் நின்றது. போனை வைத்த பிறகும் அவன் வரப்பில் ஏறவில்லை.

டீசல் தீர்ந்துவிட்டது. துப்பாக்கிக்காரர்கள் வந்து ஜெனரேட்டர் பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இத்ரீஸ் தாயையும் மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு தெற்கே நடந்துகொண்டிருக்கிறான். ஒன்றே ஒன்று கேட்டான். உங்கள் நாடு கப்பல் அனுப்புகிறதே, அந்தப் பட்டியலில் எங்கள் பெயரையும் சேர்க்க முடியுமா? இப்போது எனக்குப் போர்டு வேலை தெரியும், உங்கள் ஊர் ஆலையில் செய்வேன் என்றானாம்.

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“கேக்கறேன்னு சொன்னேன்.”

“யார கேப்பீங்க?”

“தெரியல.”

அன்று அவன் கஞ்சி குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். லிடியா கண்ணாயிரம் வீட்டுக்குப் போனாள். கப்பலெல்லாம் நம்மவர்களுக்குத்தான், ஊரான் ஊரில் நடக்கும் சண்டைக்கு நாம் என்ன செய்வது என்றார் அவர். மேலே வரைக்கும் போகும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இதையும் அனுப்புங்கள் என்று கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். சிவசங்கருக்குப் போன் போட்டாள். அந்தச் செய்தி பழசாகிவிட்டது அக்கா என்றான்.

மறுநாள் காலைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பிரிட்டோவிடம் பெயர்களை எல்லாம் கேட்டு மனு எழுதிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். இஞ்ஞாசியம்மாள் கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில் அங்கே நின்றுகொண்டிருந்தாள். பஸ் வந்ததும் முதலில் ஏறி, ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்தில் மருமகளுக்கு இடம் விட்டாள்.

கள்ளக்குறிச்சியில் கலெக்டர் அலுவலகத்து வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். மனுவை வாங்கியவர் நடுத்தர வயதுக்காரர், கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இவங்க இந்தியாக்காரங்களே இல்லையேம்மா.”

“இல்ல சார்.”

“அப்ப இத எப்பிடி வாங்கறது? மனுதாரருக்கு என்ன உறவுன்னு ஒரு எடம் இருக்குது பாருங்க, அத காலியா வுட்டிருக்கீங்க. இந்த இத்ரீஸ் உங்களுக்கு இன்னா வேணும்?”

லிடியா பேனாவைப் பிடித்தபடி நின்றாள். என்ன எழுதுவது என்று உண்மையிலேயே தெரியவில்லை. பின்னாலிருந்து இஞ்ஞாசியம்மாள் பேசினாள். ஒரு மாதத்தில் மருமகளைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

“எம் புள்ளைய எங்கிட்ட அனுப்பி வச்சவன். அத எழுது, லிடியா.”

லிடியா அப்படியே எழுதினாள். அவர் தலைகீழாகவே அதைப் படித்தார். இப்படி ஓர் உறவு கிடையாது என்றார். இதை இங்கே வாங்க வழியில்லை, வாங்கி மேலே அனுப்பினாலும் ஒன்றும் ஆகாது, வெயிலில் வீணாக அலையாதீர்கள் என்று நயமாகவே சொன்னார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். இஞ்ஞாசியம்மாள் மருமகளைத் தாண்டி முன்னால் வந்து, களை பிடுங்கிக் காய்த்த இரண்டு கைகளையும் மேசைமேல் ஊன்றினாள்.

“ஆவாதுன்னா ஆவாதுன்னே எழுதிக் குடுங்க. யாரு சொன்னதுன்னு அதுல பேரு போட்டுக் குடுங்க. நடந்துக்கினு இருக்கற புள்ளைக்கி நாங்க காட்டணும்.”

அவர் இரண்டு பெண்களையும் மாறிமாறிப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பெண்கள் நகரவில்லை. கடைசியில் மனுவை முன்னால் வைத்து, முத்திரை மை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார்.